வெள்ளிக்கிழமைக் கட்டு

பரிபூரணம் சிஸ்டர் துணிக்கட்டின் முடிச்சை வெட்டியதும் நூல் வேலுத்தாயின் காலடியில் வந்து விழுந்தது. மஞ்சள் நூல். நீராவியில் வெந்து சாயம் மங்கிப்போயிருந்தாலும் அது மஞ்சள்தான். ஆபரேஷன் தியேட்டரில் நிற்கிறோம் என்பதையும் மறந்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகமூடி இருந்ததால் பிழைத்தாள்.

அது அவள் அம்மாவின் கை. ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. அதில் ஒன்றில் கருத்தம்மா மாப் மடித்துக் கட்டுகிறாள். மாப் என்றால் தரை துடைக்கிற சமாசாரம் இல்லை. ஆபரேஷனின்போது வயிற்றுக்குள் வைத்து ரத்தம் ஒற்றி எடுக்கிற கனத்த மடிப்புத் துணி. பத்துப் பத்தாகக் கட்டி அனுப்புவார்கள். எல்லாக் கட்டுக்கும் வெள்ளை நூல்தான். வெள்ளிக்கிழமை முதல் கட்டுக்கு மட்டும் கருத்தம்மா மஞ்சள் தோய்த்த நூலை வீட்டிலிருந்து முந்தியில் முடிந்து கொண்டுபோவாள். சூப்பர்வைசர் முறைத்துப் பார்த்துவிட்டு, சாமி காரியம் நமக்கெதற்கு என்று விட்டுவிட்டார். அந்தக் கட்டுகளில் ஒன்று பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, அதுவும் மகள் நர்ஸிங் பயிற்சி எடுக்கிற ஆஸ்பத்திரிக்கே வந்து சேரும் என்று யார் கண்டது?

சிரிப்பதற்கு அன்றைக்கு நேரமில்லை. மேஜையில் கிடந்தவள் தேவதானத்து வெள்ளத்தாய், தலைப்பிரசவம். வலி எடுத்து வெகுநேரம் கழித்துத்தான் கொண்டுவந்திருந்தார்கள். பிள்ளையின் துடிப்பு குறைந்துகொண்டே வந்தது. சர்ஜன் சுயம்புலிங்கம் கத்தியை எடுத்துவிட்டார். பரிபூரணம் சிஸ்டர் அவருக்கு எடுத்துக் கொடுக்க நின்றாள். மாப்களை எண்ணிக் கரும்பலகையில் எழுதுவது மாணவியான வேலுத்தாயின் வேலை.

எப்படி எண்ண வேண்டும் என்று வகுப்பில் தலையில் அடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, இரண்டு பேரும் வாய்விட்டு எண்ண வேண்டும். வயிற்றைத் தைப்பதற்கு முன்னால் மறுபடியும் அதேபோல எண்ண வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் சர்ஜன் ஊசியைத் தொடலாம்.

"சிஸ்டர், எண்ணிரலாமா?" என்று கேட்டாள்.

"ஏட்டி, பிள்ளை செத்துக்கிட்டிருக்கு. கட்டுக்குப் பத்துதான். போர்டுல போடு."

போட்டாள். பத்து என்று அழகாக, வட்டம் சிதறாமல் எழுதினாள். பிள்ளை வெளியே வந்து அழுதபோது தியேட்டரே மூச்சு விட்டது. அதற்குப் பிறகு ரத்தம் நிற்காமல் போய், மாப் மேல் மாப் உள்ளே போனது. தைப்பதற்கு முன்னால் டாக்டர் தலை நிமிராமல், "கவுண்ட்?" என்றார். நனைந்த துணிகளைத் தட்டில் பரப்பி இரண்டு பேரும் எண்ணினார்கள். பத்து.

"கரெக்ட் டாக்டர்" என்றாள் வேலுத்தாய்.

எல்லோரும் போன பிறகு அந்த மஞ்சள் நூலை எடுத்துக் கழுவிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வீட்டுக்குப் போகும்போது அம்மாவிடம் காட்டினால் எம்புட்டு சந்தோஷப்படுவாள் என்று நினைத்தாள். அந்த வாரம் முழுக்க அவளுக்கு இருந்த ஒரே சந்தோஷம் அந்த நூல்தான்.

ஏனென்றால் வெள்ளத்தாய் தேறவில்லை. முதலில் லேசான காய்ச்சல். பிறகு வயிறு உப்பிக்கொண்டு வந்தது. குடித்த கஞ்சி நிற்கவில்லை. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது வயிற்றைத் தட்டிப் பார்த்து, "வயித்துல கேஸ்தான். எந்திரிச்சு நடக்கவிடுங்க" என்று சொல்லி மருந்தை மாற்றினார். நடக்கச் சொன்னால் அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

அவள் புருஷன் சோலைராஜ் போலீஸ்காரன். டியூட்டி முடிந்ததும் யூனிபார்ம் கழற்றாமல் நேரே வார்டுக்கு வருவான். அந்தக் காக்கியைக் கண்டால் ஆயாக்கள்கூட ஓரமாக நடப்பார்கள். அவனோ பிள்ளையை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, "சிஸ்டர், இவளுக்கு ஒண்ணும் இல்லைல்லா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

"சரியாயிரும் அண்ணே" என்றாள் வேலுத்தாய். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. காலை டவுன் பஸ்ஸைப் பிடித்து ராஜபாளையம் போனாள். கருத்தம்மா வாசலில் உட்கார்ந்து முடியில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தாள். எத்தனை தடவை தலை குளித்தாலும் அந்தப் பஞ்சு போகாது.

"யம்மா, கண்ணை மூடு" என்று சொல்லி அவள் உள்ளங்கையில் நூலை வைத்தாள்.

கருத்தம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள். முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

"ஏட்டி, உங்க ஆஸ்பத்திரிக்கா வந்துச்சு?"

"ஆமா. ஒரு பிரசவக் கேஸு. நானே அங்கன நின்னேன்."

"என் தாயீ!" கருத்தம்மா நூலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு ஆசையாகக் கேட்டாள். "பதினொண்ணு இருந்துச்சா?"

வேலுத்தாய்க்கு அந்தக் கேள்வி காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை.

"என்னது பதினொண்ணு?"

"வெள்ளிக்கிழமைக் கட்டுக்கு ஒண்ணு கூட வைப்பேன்லா. களத்துல நெல் அளக்கிறப்ப மொத மரக்காலை லாபம்னுதான சொல்லுவாக? அது மாதிரி மொதத் துணியை லாபம்னு சொல்லி வச்சிட்டு, பொறவு ஒண்ணு ரெண்டுன்னு பத்து எண்ணுவேன். யாரோ ஒரு பிள்ளைத்தாச்சிக்குப் போறது, குறையாம போகட்டும்னுதான்."

வேலுத்தாய் உட்கார்ந்துவிட்டாள். தட்டில் பரப்பிய துணிகள் கண் முன்னால் வந்தன. அவள் மறுபடி எண்ணினாள். பத்து. எத்தனை தடவை எண்ணினாலும் பத்துதான் வந்தது. கட்டில் பதினொன்று இருந்து, வெளியே வந்தது பத்து என்றால் மிச்சம் ஒன்று எங்கே இருக்கிறது என்பதை அவள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

"யம்மா, நெசமா வச்சியா? மறந்திருக்க மாட்டியே?"

"ஏன்? என்ன ஆச்சு?"

சொன்னாள். கருத்தம்மாவுக்கு முழுசாக விளங்கவில்லை. எண்ணிப் பார்க்கிற இடத்தில் கூட ஒன்று இருந்தால் என்ன கேடு என்றுதான் முதலில் கேட்டாள். கட்டைப் பிரிக்கும்போது எண்ணவில்லை என்று மகள் சொன்னதும் அவள் கையிலிருந்த நூல் கீழே விழுந்தது.

"தாயீ, நீ ஒண்ணும் சொல்லாத" என்றாள். குரல் வேறாகியிருந்தது. "அந்தப் பிள்ளைக்கு வெறும் காய்ச்சலா இருக்கும். தானாச் சரியாயிரும். நீ போயிச் சொன்னா உன் படிப்பு போயிரும். என்னையக் கம்பெனிக்குள்ள விடமாட்டாக. அவ புருஷன் போலீஸ்னு வேற சொல்லுத."

"யம்மா, அவ வயிறு கல்லு மாதிரி இருக்கு."

வேலுத்தாய் வந்த செருப்போடு திரும்பிவிட்டாள். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவள் வெளியே பார்க்கவில்லை. சொல்லலாம் என்று ஒரு மனசு. என்ன சொல்வாய் என்று இன்னொரு மனசு. கூட ஒன்று இருந்ததை நீ கண்ணால் பார்த்தாயா? இல்லை. அம்மா அந்த வெள்ளிக்கிழமை மறந்திருந்தால்? பச்சை உடம்புக்காரியை மறுபடி அறுத்து, உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்து, அந்த அறுப்பினாலேயே அவள் போய்ச் சேர்ந்தால்? சொல்லாமல் விட்டுச் செத்தாலும் பாவம், சொல்லி அறுத்துச் செத்தாலும் பாவம். இப்படி ஒரு சிக்கலை எந்த வகுப்பிலும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெட்ஷீட் மூலையை எப்படி மடிக்க வேண்டும் என்று மட்டும் ஒரு மாதம் சொல்லிக்கொடுத்தார்கள்.

பரிபூரணம் சிஸ்டர் ஆராதனை முடிந்து அப்போதுதான் டியூட்டிக்கு வந்திருந்தாள். கெட்டவள் இல்லை. மாணவிகள் மயங்கி விழுந்தால் தன் டிபனைப் பிரித்து ஊட்டுகிறவள். ரத்தம் பார்த்து வேலுத்தாய் அழுத முதல் நாளில் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவளும் அவள்தான். அதனால்தான் வேலுத்தாய் முதலில் அவளிடம் போனாள்.

முழுசும் கேட்டுவிட்டு சிஸ்டர் கதவைச் சாத்தினாள்.

"மஞ்சள் நூல் கட்டுல கூட ஒண்ணு வரும்" என்றாள் மெதுவாக. "முந்தி பாத்திருக்கேன். எண்ணும்போது தெரியும். எடுத்து டிரெஸ்ஸிங்குக்கு வச்சுக்குவோம்."

"அப்போ உங்களுக்குத் தெரியுமா சிஸ்டர்?"

"அன்னைக்கு ஞாபகம் வரலைட்டி. பிள்ளை போயிரும்னு பயந்துக்கிட்டு நின்னேன்." பிறகு அவள் முகம் மாறியது. "இங்க பாரு. கவுண்ட் சரின்னு சொன்னது நீ. போர்டுல எழுதினது உன் கை. நீ போய் இப்படிச் சொன்னா டாக்டர் என்னையக் கேக்க மாட்டாரு, உன்னையத்தான் கேப்பாரு. நாளைக்கு வரைக்கும் பொறு. காய்ச்சல் இறங்குதான்னு பாப்போம்."

"நாளைக்கு இறங்கலைன்னா?"

"இறங்கும். ஜெபம் பண்ணு."

வேலுத்தாய் வார்டுக்குள் போனாள். லீவு நாளில் யூனிபார்ம் இல்லாமல் வந்தவளை வெள்ளத்தாய்க்கு அடையாளம் தெரியவில்லை. உதடு வெடித்திருந்தது. நாடி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பிள்ளை பாலுக்கு அழுதது. அவள் அதன் பக்கம் கையை நீட்டப் பார்த்தாள். கை பாதி வழியில் விழுந்துவிட்டது.

நாளைக்கு என்பது இவளுக்கு இருக்கிறதா என்று வேலுத்தாய்க்குத் தெரியவில்லை. பயமாகத்தான் இருந்தது. அந்தப் பயத்தோடேயே டாக்டர் அறைக்கு நடந்தாள். தைரியம் வந்துதான் போனாள் என்று யாராவது சொன்னால் அது பொய்.

சுயம்புலிங்கம் டாக்டருக்குக் கை சுத்தம், வாய் சுத்தம் இல்லை. மாணவி ஒருத்தி தானாக வந்து பேசுவதே அவருக்கு அதிசயம். அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் சிவந்துகொண்டே போனது.

"எண்ணாம எதுக்குடி பத்துன்னு எழுதினே?"

அவள் பின்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்த பரிபூரணம் சிஸ்டர் சுவரைப் பார்த்தாள். சிஸ்டர்தான் சொன்னார்கள் என்ற வார்த்தை வேலுத்தாயின் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் இவர் அவள் பக்கம் பாய்வார், நாம் தப்பிக்கலாம். ஆனால் அந்தச் சண்டை முடிவதற்குள் வெள்ளத்தாய் முடிந்துவிடுவாள்.

"எண்ணலை டாக்டர். அதை அப்புறம் கேளுங்க. இப்ப அவளைப் பாருங்க."

டாக்டர் எழுந்து நின்றார். அறைந்துவிடுவாரோ என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் அறையவில்லை. வார்டுக்குப் போய் வயிற்றை நீண்ட நேரம் அழுத்திப் பார்த்தார். இடது பக்கம் ஒரே இடத்தில் விரல் நின்றது. திரும்பி வந்தபோது குரல் தணிந்திருந்தது.

"எக்ஸ்ரேல இந்தத் துணி தெரியாது. ஸ்கேன்னா மதுரைக்குப் போகணும், அம்புட்டுத் தூரம் தாங்கமாட்டா. உங்க அம்மா ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை ஒரு துணியை எச்சா வச்சிருப்பான்னு நம்பி நான் மறுபடி வயித்தைத் திறக்கணும். வச்சாளா இல்லையா? எனக்கு நிச்சயமாத் தெரியணும்."

"எனக்குத் தெரியாது டாக்டர்."

"எனக்குத் தெரியும்யா."

வாசலில் கருத்தம்மா நின்றாள். அடுத்த பஸ்ஸிலேயே ஏறி வந்திருக்கிறாள். செருப்பைக் கழற்றி வெளியே விட்டிருந்தாள். கை இரண்டும் முந்தியைப் பிழிந்துகொண்டிருந்தன. உள்ளே நின்ற மகளை அவள் பார்க்கவில்லை. பார்த்தால் வாய் அடைத்துப்போகும் என்று பயந்தாளோ என்னவோ.

"ஒரு வெள்ளிகூட விட்டதில்லைய்யா. மஞ்சள் நூல் கட்டினா உள்ள பதினொண்ணு. எங்க மாரியாத்தா மேல சத்தியம். என்னைய என்ன வேணாலும் பண்ணுங்க. அந்தப் பிள்ளையப் பாருங்க."

டாக்டர் சிஸ்டர் பக்கம் திரும்பினார். "தியேட்டரை ரெடி பண்ணுங்க" என்றார்.

இந்தத் தடவை கட்டுக்கு வெள்ளை நூல். பரிபூரணம் சிஸ்டர் அதை வெட்டிவிட்டு, கத்திக்குக் கை நீட்டிக்கொண்டிருந்த டாக்டரைப் பார்த்து, "பொறுங்க டாக்டர்" என்றாள். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்தாள். வேலுத்தாயும் அவளும் சேர்ந்து எண்ணினார்கள். டாக்டர் திட்டாமல் காத்திருந்தார்.

திறந்ததும் நாற்றம் அடித்தது. இடது பக்கம், குடலுக்குப் பின்னால் அது இருந்தது. டாக்டர் இடுக்கியால் பிடித்து மெள்ள இழுத்தார். பச்சையும் பழுப்புமாகச் சீழில் ஊறி, மடிப்புக் கலையாமல் வந்தது. நாலு மூலையும் ஒழுங்காகப் பொருந்திய மடிப்பு. அப்படி மடிக்கிறவர்கள் ராஜபாளையத்தில் ஆயிரம் பேர் இருக்கலாம். ஆனாலும் வேலுத்தாய்க்கு அது அம்மாவின் மடிப்பு என்று தெரிந்தது.

கழுவித் தைத்து முடித்தபோது வெள்ளத்தாயின் நாடி மெலிந்து ஓடியது, ஆனால் ஓடியது. "பிழைச்சுக்குவா" என்றார் டாக்டர். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு இரண்டு பேரையும் பக்கத்தில் கூப்பிட்டார்.

"வெளியில போய் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. சீழ் கட்டியிருந்துச்சு, எடுத்தாச்சு. அவ்வளவுதான். அதுல பொய் ஒண்ணும் இல்லை. அவன் போலீஸ்காரன். விஷயம் தெரிஞ்சா உன் படிப்பு, உங்க அம்மா பிழைப்பு, இந்தச் சிஸ்டர் வேலை, என் ஆஸ்பத்திரி, எதுவும் மிஞ்சாது. விளங்குதா?"

வேலுத்தாய் தலையாட்டினாள். உண்மையிலேயே விளங்கியது. சீழ் இருந்தது, எடுத்தாகிவிட்டது. அவள் உயிர் பிழைத்துவிட்டாள். இதற்கு மேல் என்ன வேண்டும்? இன்றைக்கு முழுக்கப் பட்ட பயம் போதாதா? இனி வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கலாம் என்று அவள் மனசு கெஞ்சியது.

வெளியே வராந்தா பெஞ்சில் சோலைராஜ் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். அதே பெஞ்சில் மறு நுனியில் கருத்தம்மா. வெள்ளத்தாயின் பிள்ளை கருத்தம்மாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. இது எப்படி நடந்தது என்று வேலுத்தாய்க்குப் புரியவில்லை.

"இந்தப் பெரியம்மா யாருன்னே தெரியல சிஸ்டர்" என்று சோலைராஜ் எழுந்தான். "பிள்ளை அழுதுக்கிட்டே இருந்துச்சு. எனக்கு அமத்தத் தெரியலை. அவுகளா வந்து வாங்கிக்கிட்டாக. அவ எப்படி இருக்கா?"

"பிழைச்சுக்குவாங்க. ஆபத்துத் தாண்டியாச்சு."

அவன் சுவரில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். யூனிபார்ம் போட்டவன் அழுவதை அவள் அப்போதுதான் முதலில் பார்த்தாள். பிறகு அவன் கேட்டான்.

"உள்ள என்னதான் சிஸ்டர் இருந்துச்சு?"

சீழ் என்று சொன்னால் போதும். கருத்தம்மா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். சொல்லாதே என்கிறாளா, சொல் என்கிறாளா என்று வேலுத்தாய்க்குத் தெரியவில்லை. ஆனால் காலையில் பத்து என்ற எண் தன்னைத் துரத்தியதும், பஸ்ஸில் பட்ட பாடும் அவளுக்கு நினைவு வந்தன. இந்த ஒரு வார்த்தையை விழுங்கினால் அந்தப் பஸ்ஸிலிருந்து அவள் இறங்கவே முடியாது.

"துணி" என்றாள். "ஆபரேஷன்ல வச்ச துணி. ஒண்ணை வெளிய எடுக்காம தைச்சிட்டோம். கட்டைப் பிரிச்சப்ப நான் எண்ணலை அண்ணே. எண்ணாமலே பத்துன்னு எழுதிட்டேன்."

சோலைராஜ் புரியாமல் அவளைப் பார்த்தான். புரிய ஆரம்பித்ததும் அவன் தாடை இறுகியது. கையை ஓங்கிக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தான். வேலுத்தாய் அசையாமல் நின்றாள்.

"அவளை அடிக்காதீக ஐயா." கருத்தம்மா பிள்ளையோடு எழுந்து இரண்டு பேருக்கும் நடுவில் வந்தாள். "அவ எம் மக. கட்டுல பத்து இருக்கணும். ஒண்ணு கூட வச்சவ நான்தான்."

அவன் கை பாதியில் நின்றது. அந்த நரம்பு புடைத்த கைகளையும், தலையில் ஒட்டியிருந்த பஞ்சையும், அவள் தோளில் நிம்மதியாகத் தூங்குகிற தன் பிள்ளையையும் பார்த்தான். கேட்டபோது அவன் குரலில் கோபத்தைவிடத் தவிப்புத்தான் அதிகம் இருந்தது.

"எதுக்கும்மா கூட வச்சீக?"

கருத்தம்மா பிள்ளையை அவன் கையில் கொடுத்தாள். கழுத்தைத் தாங்கி எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவன் விரல்களைச் சரிசெய்துவிட்டாள்.

"பிள்ளைத்தாச்சிக்குப் போறதுய்யா" என்றாள். "குறைஞ்சிறக் கூடாதேன்னுதான்."